பாம்பன் மணலும் வத்திராயிருப்பு விஞ்ஞானியும்

பாம்பன் கரையில் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். அதில் பவளப்பாறையின் சுண்ணாம்புத் துணுக்கு இருக்கும். சங்கும் சிப்பியும் உடைந்த பொடி இருக்கும். நைந்துபோன வலையின் இழையும், என்றோ யாரோ எறிந்த பிளாஸ்டிக் சாமானின் தூளும் கூடவே இருக்கும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் உருவம் பெரிதாகுமே தவிர, இன்ன பொருள் என்று அது பெயர் சொல்லாது.

பெயர் சொல்லும் வித்தை ஒன்று உண்டு. துகளின் மேல் ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்பி வரும். எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துப் பொருளின் குலம், கோத்திரத்தையே கண்டுபிடித்துவிடலாம். இதுவே உலகப் புகழ் பெற்ற ராமன் விளைவு.

சர் சி. வி. ராமனை அறியாதவர் இல்லை. அந்த ஒளியை இருட்டறையில் அவருடன் உட்கார்ந்து துரத்திய கே. எஸ். கிருஷ்ணனை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

வத்திராயிருப்புப் பிள்ளை

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். 1910ல் இராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அந்த ஊர் அதில் சேர்ந்தது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்தார். படித்த கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவில் செய்முறை ஆசிரியர் வேலையும் கிடைத்தது. பகல் உணவு வேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு பௌதிகத்திலும் ரசாயனத்திலும் தோன்றிய சந்தேகங்களையெல்லாம் கேட்பார்களாம். மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து கலந்துகொள்வார்களாம்.

கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு 1920ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். ராமனிடம் பயில வேண்டும் என்பதே எண்ணம். 1923 முதல் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார்.

விடாத ஒளி

1921ல் கப்பல் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் ராமனின் மனத்தைப் பற்றிக்கொண்டது. கடல் நீர் ஏன் நீலம் என்ற கேள்வியிலிருந்து, திரவங்கள் ஒளியை எப்படிச் சிதறடிக்கின்றன என்ற ஆராய்ச்சி பிறந்தது. 1923ல் கே. ஆர். ராமநாதன் ஒரு புதிரைக் கண்டார். சிதறிய ஒளியில், போட்ட நிறத்தைத் தவிர வேறொரு மங்கிய நிறமும் கலந்திருந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கிறது, அந்த அழுக்கின் மினுமினுப்புதான் இது என்று எண்ணினார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை.

1928 பிப்ரவரியில், ஏட்டுக் கணக்கில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை ராமன் மறுபடி சோதனைக்கு இழுத்தார். கருவிகள் எளியவை. சூரிய ஒளியைத் தூரதரிசினிக் கண்ணாடியால் குவித்து, ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்துவார்கள். கண்ணுக்கு முன்னால் பச்சை வடிகட்டி. ஊதா மட்டுமே உள்ளே போனால் பச்சைக் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது! சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள், அத்தனையிலும் தெரிந்தது. அழுக்கின் மினுமினுப்பில் காணாத ஒரு தன்மையும் அதில் இருந்தது. ஒளியலைகள் ஒரே திசையில் பெரும்பாலும் ஒழுங்குபட்டிருந்தன.

பிப்ரவரி 27ந் தேதி வீட்டில் சடங்கு. கிருஷ்ணன் கழகத்துக்குப் போகவில்லை. மறுநாள் பிற்பகல்தான் போனார். வடிகட்டியை இன்னும் இறுக்கி, சிறிய நிறமாலைக் கருவி வழியாக இருவரும் பார்த்தார்கள். போட்ட ஒளி ஒரு பக்கம், புதிய ஒளி மறு பக்கம், நடுவே இருள். ஐயம் தீர்ந்தது. அந்த நாளைத்தான் இன்று தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

மார்ச் 31ந் தேதி நேச்சர் பத்திரிகையில் வெளியான கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தன. 1930ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. பரிசுச் சொற்பொழிவில் ராமன் கிருஷ்ணனைக் குறிப்பிட்டார். கேள்வியும் வழியும் ராமனுடையவை. கையும் கண்ணும் பொறுமையும் பெரிதும் கிருஷ்ணனுடையவை. நம் கருத்து இதுதான்.

கிருஷ்ணன் அந்தப் பெருமையோடு நின்றுவிடவில்லை. டாக்கா சென்று படிகங்களின் காந்த குணத்தை ஆராய்ந்து தனிப் பெயர் பெற்றார். 1940ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1947ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டர். 1961 ஜூன் 14ந் தேதி காலமானார்.

துகளுக்குப் பெயர்

அவர் இருந்த காலத்தில் ஒரு நிறமாலையைப் படம் பிடிக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1960ல் லேசர் பிறந்தது. 1970களில் பிரான்சின் லீல் நகரத்து விஞ்ஞானிகள் லேசரையும் மைக்ராஸ்கோப்பையும் நிறமாலைக் கருவியையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளையும் விசாரிக்கலாம் என்றாயிற்று.

இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை மென்பொருள் செய்கிறது. வடிதாளில் படிந்த துகள்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் அளந்து, லேசரை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்துகிறது. வரும் கோடுகளைத் தன்னிடமுள்ள மாதிரிக் கோடுகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. மணலின் குவார்ட்ஸ் 464ல் கோடு காட்டும். பவளச் சுண்ணாம்பு 1085ஐ ஒட்டிக் காட்டும். தெர்மாகோல் செய்யும் பாலிஸ்டைரீன் 1001ல் காட்டும். ஒளியின் அலை எண் எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு இது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2021ல் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, டன் கணக்கில் பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கியது. வெந்து கருகிய கட்டிகள் பார்வைக்குக் கூழாங்கல் போலவே இருந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், பாம்பனை அடுத்த குருசடைத் தீவும், அந்த நீரை நம்பி வலை வீசுகிறவர்களும் அவ்வளவு தூரத்தில் இல்லை. கரையில் கிடப்பது கல்லா, கப்பல் சரக்கா, நம் வலையின் சொந்தத் துண்டா என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது, எதை நிறுத்துவது என்று பேச முடியும்.

ஆனால் மென்பொருள் சொன்னதே வேதவாக்கு அல்ல. பாசியும் எண்ணெயும் படிந்த துகள் லேசர் பட்டதும் தானே மினுமினுத்து, மெல்லிய ராமன் கோடுகளை மூழ்கடித்துவிடும். கல்கத்தாவில் கிருஷ்ணன் பட்ட அதே தொல்லைதான்! அந்த மினுமினுப்பைக் கழித்துவிட்டுக் கணக்கிட மென்பொருளுக்குத் தெரியும். அதிகமாகக் கழித்தால் உண்மைக் கோடும் கூடவே போகும். நீல வலைக்கயிற்றின் இழையை வைத்தால், பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு நீலச் சாயத்தின் பெயரை மட்டும் சொல்லிவிடவும் கூடும். அப்போது துகளை மறுபடி கழுவி, லேசரின் நிறத்தை மாற்றி, கோடுகளை ஓர் ஆள் தன் கண்ணாலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.