சுவாமி விபுலாநந்தர்

சுவாமி விபுலாநந்தர் (மார்ச் 27, 1892 - சூலை 19, 1947) இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவு என்னும் ஊரில் பிறந்த தமிழறிஞர், துறவி, அறிவியல் ஆசிரியர் ஆவார். யாழ் நூலின் ஆசிரியராகவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பரவலாக அறியப்படுபவர். பள்ளிகளில் அறிவியலைத் தமிழில் கற்பிக்கத் தேவையான கலைச்சொற்களைத் தொகுத்த பணியில் இவரது பங்கு முதன்மையானது.

பிறப்பும் கல்வியும்

இவரது இயற்பெயர் மயில்வாகனம். பெற்றோர் சாமித்தம்பி, கண்ணம்மா ஆகியோர். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, இளம் வயதிலேயே கேம்பிரிட்ச் சீனியர் தேர்வில் தேறினார். கற்ற பள்ளியிலேயே சில காலம் ஆசிரியராக இருந்த பின், கொழும்பில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பயிற்றப்பட்ட ஆசிரியரானார்.

பின்னர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1916 இல் அறிவியலில் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையில் இருந்து இப்பட்டம் பெற்ற முதலாமவர் இவரே. ஆங்கிலத்தில் கற்ற வேதியியலும் தமிழில் கற்ற இலக்கணமும் ஒருவரிடமே அமைவது அக்காலத்தில் அரிது. பிற்காலத்தில் இவர் ஆற்றிய பணிகளுக்கு இவ்விரட்டைக் கல்வியே அடித்தளம் எனலாம்.

ஆசிரியப் பணி

தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் துறையில் பணியாற்றிய பின், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். தனியாகப் படித்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டமும் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார்.

1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். இலங்கை திரும்பியதும் மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளை நிர்வகித்தார். மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் உள்ள சிவானந்த வித்தியாலயம் 1929 இல் இவரது முயற்சியால் உருவானது.

கலைச்சொல்லாக்கம்

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் பாடங்களைத் தாய்மொழியில் கற்பிக்கும் முயற்சி வலுப்பெற்று வந்தது. ஆசிரியர்கள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்றவர்கள். ஒரே கருத்துக்கு ஒருவர் ஒரு சொல்லையும் மற்றொருவர் வேறொரு சொல்லையும் பயன்படுத்தினால் பாடநூலும் வகுப்பும் தேர்வுத்தாளும் ஒன்றோடொன்று பொருந்தா. எனவே பொதுவான சொற்பட்டியல் இன்றியமையாததாயிற்று.

இத்துறையில் இதற்கு முன்பும் முயற்சிகள் நடந்தன. 1916 இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் உள்ளிட்டோர் தமிழ்ச் சாத்திரீய பரிபாஷைச் சங்கத்தை அமைத்தனர். 1930களின் தொடக்கத்தில் அரசு வெளியிட்ட பட்டியலில் வடசொற்கள் மிகுந்திருந்தன. இதற்கு மாற்றாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கப் பணியைத் தொடங்கியது. 1936 இல் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலாநந்தர் தலைமை தாங்கினார். ஒவ்வொரு துறைக்கும் அமைந்த குழுவில் அத்துறையைக் கற்றவர்களும் தமிழறிஞர்களும் இணைந்து சொற்களை ஆய்ந்தனர்.

இதன் விளைவாக 1938 இல் கலைச்சொற்கள் என்னும் நூல் வெளிவந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் முதலிய துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 சொற்கள் இதில் இடம்பெற்றன. தமிழில் வேர் கிடைக்கும் இடத்தில் தமிழ்ச்சொல்லுக்கே முதலிடம் தரும் போக்கு இதனால் வலுப்பெற்றது.

எனினும் இச்சிக்கல் அத்துடன் தீரவில்லை. 1940 இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்களை ஆதரித்ததால் தமிழறிஞர்களின் கடும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ் வேர்களில் இருந்து கலைச்சொல் ஆக்கும் வழியே பிற்காலப் பாடநூல்களில் பெரிதும் நிலைபெற்றது.

யாழ் நூல்

விபுலாநந்தரின் அறிவியல் பயிற்சி இலக்கிய ஆய்விலும் வெளிப்பட்டது. சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் உள்ள இசைக் குறிப்புகளைக் கொண்டு, வழக்கொழிந்த யாழ்க் கருவிகளின் அமைப்பை ஆய்ந்தார். நரம்பின் நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்காகும். குரலுக்கும் இளிக்கும் இடையேயான உறவு 2:3 என்னும் விகிதத்தில் அமையும். இத்தகைய கணக்குகளின் துணையுடன் பண்டை இசையை விளக்குவது இந்நூலின் சிறப்பாகும். 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் இந்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் இதனை வெளியிட்டது.

இறுதிக் காலம்

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்று, இறுதி வரை அப்பணியில் இருந்தார். யாழ் நூல் அரங்கேறிய மறுமாதமே, 1947 சூலை 19 அன்று காலமானார். அவரது உடல் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

முக்கிய நூல்கள்

* மதங்க சூளாமணி - சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்துடன் ஒப்பிட்டு ஆராயும் நூல்
* யாழ் நூல் - பண்டைத் தமிழிசை ஆய்வு