அம்மாக்கள் சொன்னதைக் கேட்ட கண் டாக்டர்

கண்புரைன்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வர்றாங்க? தாத்தா, பாட்டி, ஆபரேஷன் முடிஞ்சு போட்டுக்கிற கறுப்புக் கண்ணாடி. ஆனா பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கும் கண்புரை இருக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா?

பெரியவங்களுக்கு வர்ற புரையைவிட இது ஆபத்தானது. காரணம் சிம்பிள். பார்க்கிறது கண் மட்டும் செய்யற வேலை இல்லை, மூளையும் அதைக் கத்துக்கணும். பிறந்த முதல் சில மாதங்களில் கண்ணுக்குள்ள தெளிவான வெளிச்சம் போகலைன்னா, மூளை அந்தப் பாடத்தையே படிக்காது. அப்புறம் லென்ஸைச் சரி பண்ணினாலும் பார்வை முழுசா வராது.

இந்தக் குழந்தைகளுக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு தேடி, மருத்துவத்தின் ஒரு பெரிய நம்பிக்கையையே மாத்தினவர்தான் நார்மன் கிரெக்.

கிரெக் 1892-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தார். படிப்பில் கெட்டி, கிரிக்கெட்டும் டென்னிஸும் நல்லா ஆடுவார். 1915-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடிச்சதும் முதல் உலகப்போருக்குப் போய்ட்டார். பிரான்ஸ் போர்முனையில் ராணுவ டாக்டர். வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கமும் கிடைச்சது. போர் முடிஞ்சு இங்கிலாந்தில் கண் மருத்துவம் படிச்சுட்டு, 1923-ல் சிட்னி திரும்பினார். அங்க குழந்தைகள் மருத்துவமனையிலும் கண் சர்ஜனாக வேலை பார்த்தார்.

இப்போ 1941-க்கு வாங்க. கிரெக்குக்கு வயசு கிட்டத்தட்ட ஐம்பது. அவருடைய கிளினிக்குக்கு கண்புரையோடு கைக்குழந்தைகள் வர ஆரம்பிச்சாங்க. வழக்கமா அபூர்வமா வர்ற கேஸ், அடுத்தடுத்து வந்துக்கிட்டே இருந்தது. பெரும்பாலும் ரெண்டு கண்ணிலும் புரை. குழந்தைகள் எடை குறைவா, சரியா பால் குடிக்காம இருந்தாங்க. நிறைய பேருக்கு இதயத்திலும் கோளாறு இருந்தது.

அந்தக் காலத்தில் பிறவிக் குறைபாடுன்னாலே பரம்பரைன்னு முடிவு பண்ணிடுவாங்க. வயித்துக்குள்ள இருக்கிற குழந்தை பாதுகாப்பா இருக்கு, வெளியில் இருந்து எதுவும் போய் அதை மாத்த முடியாதுங்கிறதுதான் பொதுவான எண்ணம். கிரெக்கும் அப்படியே ஃபைலை மூடியிருக்கலாம். ஆனா சம்பந்தமே இல்லாத இத்தனை குடும்பங்களில், ஒரே சமயத்தில், ஒரே மாதிரி பரம்பரைக் கோளாறு எப்படி வரும்? இந்த இடத்தில்தான் அவர் நின்னார்.

காத்திருப்பு அறையில் ரெண்டு அம்மாக்கள் பேசிக்கிட்டது அவர் காதில் விழுந்ததுன்னு ஒரு கதை சொல்றாங்க. கர்ப்பமா இருந்தப்போ ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா வந்ததுன்னு ரெண்டு பேருமே சொன்னாங்களாம். கதை எப்படியோ, அதுக்கப்புறம் அவர் செஞ்ச வேலை பதிவில் இருக்கு. ஒவ்வொரு அம்மாவிடமும் கேட்டார். குழந்தையின் பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்கள் 1940-ல் வந்து நின்னது. அந்த வருஷம்தான் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பெரிய அளவில் பரவியது. இரண்டாம் உலகப்போர் நேரம், ராணுவ முகாம்களில் இளைஞர்கள் நெருக்கமா தங்கியிருந்தாங்க. நோய் பரவ அது வசதியாப் போச்சு.

சக டாக்டர்கள் பார்த்த குழந்தைகளையும் சேர்த்து மொத்தம் 78 கேஸ். அதில் 68 அம்மாக்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. 1941 அக்டோபரில் மெல்போர்னில் நடந்த கண் மருத்துவர்கள் கூட்டத்தில் இதைக் கட்டுரையா வாசிச்சார். செய்தி வெளியில் பரவினதும் இன்னொரு உண்மையும் தெரிய வந்தது. இதே மாதிரி பிறந்த சில குழந்தைகளுக்குக் காதும் கேட்கலை. கண், இதயம், காது மூணும் சேர்ந்த இந்தப் பாதிப்பைத்தான் இன்னைக்குப் பிறவி ரூபெல்லா நோய்க்குறித் தொகுதின்னு சொல்றோம்.

உடனே உலகம் கை தட்டிடுச்சான்னா, இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஸ்வான் குழுவினர் தனியா ஆராய்ஞ்சு கிரெக் சொன்னது சரின்னு காட்டினாங்க. ஆனாலும் 1944-ல் லண்டனின் லான்செட் இதழ், இது இன்னும் நிரூபிக்கப்படலைன்னு எழுதியது. அந்தச் சந்தேகத்தை முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. குழந்தை பாதிக்கப்பட்ட பிறகு அம்மாவிடம் பழசைக் கேட்டுச் சேர்த்த டேட்டா அது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது.

பதில் வந்தது ஒரு புள்ளியியல்காரரிடமிருந்து. ஆலிவர் லங்காஸ்டர் பழைய ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தோண்டினார். காது கேளாதவர்களின் எண்ணிக்கை சில குறிப்பிட்ட பிறந்த வருஷங்களில் மட்டும் திடீர்னு எகிறியிருந்தது. உதாரணம், 1899-ஐ ஒட்டிப் பிறந்தவங்க. அந்த வருஷங்களை ரூபெல்லா பரவிய காலத்தோடு வச்சுப் பார்த்தார், பொருந்தியது. 1951-ல் இது வெளிவந்தது. அந்த எண்கள் யாரும் சரியா பார்க்காம பல வருஷமா அரசாங்கப் புத்தகத்திலேயே தூங்கிட்டு இருந்திருக்கு. டேட்டா சயின்ஸ் எலக்டிவ் எடுத்தவங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

1953-ல் கிரெக்குக்கு சர் பட்டம் கிடைச்சது. 1962-ல் ரூபெல்லா வைரஸை ஆய்வகத்தில் பிரிச்சு எடுத்தாங்க. அதுக்கு அடுத்த சில வருஷத்திலேயே, 1964-65-ல், அமெரிக்காவில் பெரிய அளவில் ரூபெல்லா பரவி, சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தாங்க. தடுப்பூசிக்கான வேகம் கூடியது. ஆனா 1969-ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைச்சப்போ கிரெக் உயிரோடு இல்லை. 1966 ஜூலையில் இறந்துட்டார். அவருடைய ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா ஒழிஞ்சதுன்னு 2018-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? 2017 பிப்ரவரியில் நீங்க ஸ்கூல் படிச்சிட்டு இருந்திருப்பீங்க. அப்போ தமிழ்நாட்டில் 15 வயசுக்குள்ள இருந்தவங்களுக்கு ஸ்கூல்லயே ஒரு ஊசி போட்டாங்களே, அது தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி. அந்தச் சமயம் வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்ததால் பயந்து போடாம விட்ட பெற்றோரும் உண்டு.

நீங்க போட்டீங்களான்னு இன்னைக்கே வீட்டில் கேளுங்க. ரூபெல்லா வந்தா லேசான காய்ச்சல், மூணு நாள் தடிப்பு, அவ்வளவுதான். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனா கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஒரு பெண்ணுக்கு வந்தா, அது குழந்தைக்குப் பரவ 90 சதவீதம் வரை வாய்ப்பு இருக்கு. கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட முடியாது. கர்ப்பத்துக்குக் குறைஞ்சது ஒரு மாதம் முன்னாடியே போட்டிருக்கணும். அதனால போட்டதா உறுதியாத் தெரியாத தோழிகள் இப்பவே ஒரு டாக்டரைப் பாருங்க. பசங்களே, இது பொண்ணுங்க விஷயம்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நோயைக் கொண்டு வந்து கொடுக்கிறது நீங்களாகவும் இருக்கலாம்.

கிரெக்கிடம் பெரிய லேப் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, வைரஸைப் பார்க்கும் வசதிகூட இல்லை. அம்மாக்கள் சொன்னதை அவர் ஒதுக்காம எழுதி வச்சுக்கிட்டார், எண்ணிப் பார்த்தார். இன்னைக்கு எத்தனையோ குழந்தைகள் தெளிவான கண்ணோடு பிறக்கிறதுக்கு அதுதான் ஆரம்பம்.