ஜோசப் பிரீஸ்ட்லி

ஜோசப் பிரீஸ்ட்லி (மார்ச் 24, 1733 - பெப்ரவரி 6, 1804) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளரும், கிறித்தவ சமய போதகரும், கல்வியாளரும் ஆவார். ஆக்சிசன் வளிமத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராக இவர் பரவலாக அறியப்படுகிறார். வளிமங்கள் பற்றிய இவரது ஆய்வுகள் ஒரு பியர் ஆலையின் நொதித்தல் தொட்டிகளில் இருந்து தொடங்கின. சோடா நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டவரும் இவரே.

இளமை

பிரீஸ்ட்லி வடக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகேயுள்ள பேர்ஸ்டல் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை கம்பளித் துணிகளைச் செப்பனிடும் தொழில் செய்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்த இவர் அத்தையிடம் வளர்ந்தார். இவருக்குத் திக்குவாய்க் குறைபாடு இருந்தது. இவரது குடும்பம் இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காத பிரிவைச் சேர்ந்தது. அக்காலத்தில் அத்தகையோர் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற இயலாது. எனவே 1752 இல் டேவன்ட்ரி கல்விக்கழகத்தில் சேர்ந்து பயின்றார். 1762 இல் மேரி வில்கின்சனை மணந்தார்.

பியர் ஆலையில் ஆய்வு

1767 இல் லீட்ஸ் நகரின் மில் ஹில் ஆலயத்திற்குப் போதகராக வந்தபோது, இவர் குடியிருந்த வீட்டை அடுத்து ஒரு பியர் ஆலை இருந்தது. முளைவிட்ட பார்லியின் சாறு அங்கே பெரிய திறந்த தொட்டிகளில் நொதிக்க வைக்கப்பட்டது. நொதித்தலின்போது ஈஸ்ட், சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்ககாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றது. இவ்வளிமம் காற்றைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையதால், தொட்டியில் நுரைக்கு மேலே சுமார் ஓர் அடி உயரத்திற்குத் தங்கி நிற்கும். ஜோசப் பிளாக் என்பவர் 1750களில் இதனை ஆராய்ந்து "நிலைத்த காற்று" என்று பெயரிட்டிருந்தார்.

எரியும் குச்சிகளை அப்படலத்திற்குள் நீட்டியபோது அவை அணைந்ததையும், அவற்றின் புகை அப்படலத்தோடு கலந்து தொட்டியின் விளிம்பு வழியே வழிந்ததையும் பிரீஸ்ட்லி கண்டார். பின்னர் தொட்டிக்கு மேலே இரு குவளைகளைப் பிடித்து, நீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். வளிமம் நீரில் கரைந்து இதமான புளிப்புச் சுவை தந்தது.

குமிழும் மண்டியும்

திறந்த தொட்டியில் வளிமத்தின் பெரும்பகுதி வெளியேறிவிடும். நொதித்தல் முடிந்த பியருடன் சிறிது சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்து மூடினால், எஞ்சியுள்ள ஈஸ்ட் மீண்டும் வளிமத்தை உருவாக்கும். வெளியேற வழியின்றி அது அழுத்தத்தால் பியரில் கரைந்து, புட்டியைத் திறக்கும்போது குமிழ்களாக எழும். வீட்டில் காய்ச்சும் பியரில் இன்றும் இம்முறை வழக்கில் உள்ளது. புட்டியின் அடியில் படியும் மண்டி பெரும்பாலும் இந்த ஈஸ்ட்டே. சர்க்கரை அளவு மிகுந்தால் புட்டி வெடிக்கவும் கூடும். ஈஸ்ட் ஓர் உயிரி என்பது பிரீஸ்ட்லியின் காலத்தில் அறியப்படவில்லை. 1830களில் சார்ல்ஸ் கன்யார் த லா தூர், தியோடர் ஷ்வான் ஆகியோர் அதனைக் காட்டினர். பின்னர் லூயி பாஸ்டர் அதனை உறுதிப்படுத்தினார்.

சோடா நீர்

பின்னர் பிரீஸ்ட்லி சுண்ணக்கட்டியுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்து அதே வளிமத்தை உருவாக்கி, நீரில் கரைத்தார். இம்முறையை 1772 இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எதையும் இவர் பெறவில்லை. கடலோடிகளைத் தாக்கிய ஸ்கர்வி நோய்க்கு இந்நீர் மருந்தாகும் என நம்பினார். அது தவறான நம்பிக்கையாகும். அந்நோய் உயிர்ச்சத்து சி குறைவால் ஏற்படுவது. வளிமங்கள் பற்றிய ஆய்வுக்காக 1773 இல் இவருக்கு அரச கழகத்தின் கோப்ளி பதக்கம் வழங்கப்பட்டது. 1783 இல் ஜெனீவாவில் சோடா நீரை வணிக முறையில் தயாரிக்கத் தொடங்கியவர் யோகான் யாக்கோப் ஷ்வெப் ஆவார். அதனால் பொருள் ஈட்டியவர்களுள் பிரீஸ்ட்லி இல்லை.

ஆக்சிசன்

1774 ஆகஸ்ட் 1 அன்று, குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கி ஒரு வளிமத்தைப் பெற்றார். அதில் மெழுகுவர்த்தி மிகுந்த ஒளியுடன் எரிந்தது. சுவீடனின் ஷீலே இதனை முன்பே பெற்றிருந்தாலும், 1777 இலேயே வெளியிட்டார். லவாய்சியர் இதற்கு ஆக்சிசன் எனப் பெயரிட்டு, எரிதலுக்குச் சரியான விளக்கம் தந்தார். பிரீஸ்ட்லியோ பழைய புளோஜிஸ்டன் கொள்கையை இறுதிவரை கைவிடவில்லை.

கலவரமும் மறைவும்

1780 முதல் பர்மிங்காமில் வாழ்ந்த பிரீஸ்ட்லி, பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார். 1791 ஜூலை 14 அன்று புரட்சியின் ஆண்டு நிறைவையொட்டி அங்கே ஒரு விருந்து நடைபெற்றது. பிரீஸ்ட்லி அதற்குச் செல்லவில்லை. ஆயினும் அன்று கிளர்ந்த கும்பல் இவரது வீட்டையும், ஆய்வுக்கூடத்தையும், கையெழுத்துப் படிகளையும் அழித்தது. குடும்பத்துடன் உயிர்தப்பிய இவர், 1794 இல் அமெரிக்கா சென்று பென்சில்வேனியாவின் நார்தம்பர்லாந்து என்னும் ஊரில் குடியேறினார். அங்கேயே 1804 இல் காலமானார்.

ஆக்சிசன் கண்டறியப்பட்டதன் நூற்றாண்டையொட்டி 1874 இல் வேதியியலாளர்கள் அவ்வூரில் கூடினர். அச்சந்திப்பைத் தொடர்ந்து 1876 இல் அமெரிக்க வேதியியல் கழகம் தொடங்கப்பட்டது. அக்கழகத்தின் மிக உயரிய விருது இவரது பெயரால் வழங்கப்படுகின்றது.