பீர் ஆலையில் ஒரு விஞ்ஞானி

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் சால்போர்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய பீர் ஆலை. அதன் முதலாளிக்கு 1818-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதுதான் ஜேம்ஸ் ஜூல்.

சிறு வயதில் நோஞ்சான் உடம்பு. அதனால் வீட்டிலேயே படிப்பு. பிறகு அண்ணனும் தம்பியுமாக ஜான் டால்டனிடம் பாடம் கேட்டார்கள். அணுக்கொள்கை சொன்ன அதே டால்டன்தான்!

அந்தக் காலத்தில் ஆலைகளை ஓட்டியது நீராவி எந்திரம். அதற்குப் பதிலாக மின்சார மோட்டாரை வைத்தால் என்ன என்று ஜூல் நினைத்தார். பெரிய மோட்டார் அப்போது ஏது? சின்ன மோட்டாரை மாதிரியாகச் செய்து, அளந்து பார்த்தார். சின்னதில் வரும் கணக்குதானே பெரியதற்கும்!

கணக்கு ஏமாற்றியது. பாட்டரியில் ஒரு ராத்தல் துத்தநாகம் கரைந்து செய்த வேலையைப்போல், நீராவி எந்திரத்தில் ஒரு ராத்தல் நிலக்கரி 5 மடங்கு செய்தது. துத்தநாகமோ விலை அதிகம். மோட்டார் ஆசை போயிற்று.

ஆனால் ஒன்று அவர் மனதை விட்டுப் போகவில்லை. மின்சாரம் ஓடினால் கம்பி சுடுகிறதே, ஏன்? மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது என்று 1840-ல் கண்டுபிடித்தார். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம், அதைப் புதிதாக உண்டாக்க முடியாது என்று அன்றைய அறிஞர்கள் பலர் நம்பினார்கள். அதைச் சோதிக்க, 1843-ல் ஜூல் ஒரு சிறு கருவி செய்தார்.

ஒரு கண்ணாடிக் குழாய். அதில் தண்ணீர். தண்ணீருக்குள் கம்பி சுற்றிய சின்ன இரும்புத் துண்டு. குழாயைப் பெரிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வேகமாகச் சுழற்றினார். கம்பியில் மின்சாரம் பிறந்தது. தண்ணீர் சூடாயிற்று. கம்பியைப் பாட்டரியோடு இணைக்காமலே சூடு!

பிறகு கருவியைக் கையால் சுழற்றாமல், கயிற்றில் எடை கட்டி இறங்கவிட்டார். எடை எவ்வளவு, எத்தனை அடி இறங்கியது என்று குறித்தார். விடை கிடைத்தது. 838 ராத்தல் எடையை ஓர் அடி தூக்கும் உழைப்பு, ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்கும். உழைப்புதான் வெப்பமாக மாறுகிறது!

அந்த ஆண்டே அயர்லாந்தில் கார்க் நகரில் விஞ்ஞானிகள் சபையில் இதைச் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை, பாவம். ஒரு டிகிரியில் சிறு பங்கை அளந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஜூல் சோர்ந்துவிடவில்லை. தண்ணீரைத் துடுப்பால் கலக்கிச் சூடாக்கி, மீண்டும் மீண்டும் அளந்தார்.

1847-ல் ஆக்ஸ்போர்டு கூட்டத்தில், சுருக்கமாகப் பேசி முடிக்கும்படி தலைவர் சொல்லிவிட்டார். பேச்சு முடிந்ததும் வில்லியம் டாம்சன் என்ற இளம் பேராசிரியர் அதில் ஆர்வம் காட்டினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர் இவரே. அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே ஆண்டு ஜூலுக்குக் கல்யாணம். ஏழே ஆண்டில், 1854-ல், மனைவி இறந்துவிட்டார்.

இன்று நம் வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் பாத்திரம் சுடுவதும் ஜூல் குழாயில் நடந்ததைப் போலத்தான். மாறும் காந்த சக்தி, பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரம் சூடாக மாறுகிறது.

1889-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி ஜூல் காலமானார். அவர் கல்லறையில் 772.55 என்ற எண் செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய 838-ஐ விடாமல் திருத்தித் திருத்தி, 1878-ல் அவர் கண்ட விடை அது.