முப்பதாம் வயதில் மாணவரான முனிவர்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர் நம் முன்னோர். பெரும்பாலார் வாழ்க்கையில் இஃது உண்மையாகவே காணப்படுகின்றது. ஒரு தொழிலைக் கற்று, அதிற் பெயரும் நிலைபேறும் எய்திய ஒருவன், முப்பதாம் வயதில் அதனை விடுத்துப் பிறிதொன்றைத் தொடங்கத் துணிவானாயின், உற்றார் தடுப்பர், ஊரார் நகைப்பர். கற்றது வீணாகுமோ, புதியது கைகூடாது போகுமோ என்னும் இருவகை அச்சமும் அவனுள்ளத்தை அலைக்கும். இவ்வச்சத்தைக் கடந்து சென்ற பெரியார் ஒருவரைத் தமிழுலகம் நன்கறியும். அவரே வீரமாமுனிவர்.

திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஆவூர் என்னும் சிற்றூர் உளது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூஷே அடிகள் என்னும் பிரெஞ்சு நாட்டுக் குரவர் அவ்வூரை மதுரை மறைப்பணியின் நிலையங்களுள் ஒன்றாக்கினார். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், பின்னாளில் வீரமாமுனிவரும் இருந்து பணிபுரிந்தார். அவருடைய திருப்பணியையும் தமிழ்ப்பணியையும் விரித்துரைத்தோர் பலர். நடுவயதில் தம் வாழ்க்கைப் போக்கையே மாற்றிக்கொண்ட ஒரு மனிதராக அவரை ஈண்டு நோக்குவோம்.

இத்தாலி நாட்டில் மாந்துவா நகரை அடுத்த காஸ்தில்யோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவர்தம் இயற்பெயர். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் அவ்வூரிலேயே பிறந்த அலோசியுஸ் கொன்சாகா என்பார், தமக்குரிய சிற்றரசுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையிற் சேர்ந்து, உரோமை நகரிற் கொள்ளை நோயுற்றோர்க்குத் தொண்டாற்றி 1591-இல் இளமையிலேயே உயிர் நீத்தவர். உரிமையைத் துறந்து சென்றவரின் வரலாறு அவ்வூர்ச் சிறுவர்க்குப் புதிதன்று.

பெஸ்கியும் 1698-ஆம் ஆண்டு, பதினெட்டாம் வயதை எட்டும் பருவத்தே, இயேசு சபையிற் சேர்ந்தார். ராவென்னா நகரில் மாணவர்க்கு இலக்கணம் கற்பித்தார். பின்னர்ப் பொலோஞா நகரில் தத்துவமும் இறைநூலும் பயின்று, 1709-இற் குருப்பட்டம் பெற்றார். இலத்தீனும் கிரேக்கமும் முதலாய பழம்பெரு மொழிகளில் அவர் வல்லுநர். ஆகவே, கல்லூரி ஆசிரியராய், நூல்கள் சூழ, சொந்த நாட்டிலேயே புகழுடன் வாழ்தற்குரிய வழி அவர்முன் செவ்வனே அமைந்திருந்தது.

அவ்வழியை அவர் விரும்பவில்லை. மதுரை மறைப்பணியைப் பற்றிய செய்திகள் ஐரோப்பாவில் அந்நாளிற் பரவியிருந்தன. 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து, தமிழ்த் துறவியரைப் போல் உடுத்தும் உண்டும் வாழ்ந்த தத்துவபோதகர் எனப்படும் நோபிலி அடிகளின் வரலாறும் அச்செய்திகளோடு அறியப்பட்டதே. தம்மையும் அந்நாட்டிற்கு அனுப்புமாறு சபைத் தலைவரிடம் வேண்டி, இசைவு பெற்று, லிஸ்பன் துறைமுகத்தினின்றும் கப்பலேறினார். 1710-ஆம் ஆண்டு அக்டோபரிற் கோவாவை அடைந்தார்; 1711-இல் மதுரை நாட்டினுட் புகுந்தார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பது.

இத்துணிவின் அளவை நாம் எளிதில் உணர்தல் அரிது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரவேண்டிய பாய்மரக் கப்பற் பயணம் பல திங்கள் நீடிப்பது; வழியிலேயே நோயுற்று மாண்டோர் பலர். கரை சேர்ந்தோரும் தாயகம் மீள்வதைப் பற்றி எண்ணுதற்கில்லை. இவற்றினும் கொடிய இழப்பு ஒன்றுண்டு. நேற்றுவரை பிறர்க்கு இலக்கணம் கற்பித்தவர், இன்று நீர் வேண்டும் என்று கேட்கவும் சொல்லறியாது நிற்கவேண்டும். கற்றோர் அவையில் முன்னிருக்கை பெற்றவர், தெருவிற் சிறுவரும் திருத்தத்தக்க பேச்சினராதல் வேண்டும். உயிரிழக்கும் அச்சத்தை வென்றோரிலும், இந்நாணத்தை வென்றோர் சிலரே.

தொடக்க ஆண்டுகளில் அவர் திருநெல்வேலி, இராமநாதபுரம், தஞ்சை முதலிய நாடுகளிற் சுற்றிப் பணிபுரிந்தார். 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அவருக்குக் கடும் எதிர்ப்பு நேர்ந்தது. கொலைத் தண்டனைக்கும் உள்ளாகித் தப்பினார். இந்நிலையில் ஊர் திரும்ப எண்ணினும் குறை கூறுவார் இலர். அவரோ தமிழை ஆழ்ந்து பயிலத் தலைப்பட்டார். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் பாடங்கேட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. காவியுடை புனைந்து, தைரியநாதர் என்னும் தமிழ்ப்பெயர் பூண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் அதன் பின்னர் அமைந்தது.

இனி, நாம் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் தமிழுக்குச் செய்த உதவிகளுட் பல, காலந்தாழ்த்துக் கற்கவந்த ஒருவர்க்கே தோன்றத்தக்கவை. அக்காலத்தே சொற்பொருள் அறியவேண்டுவோர் நிகண்டுகளையே நாடினர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலியவை செய்யுளால் ஆனவை. இளமையிலேயே மனப்பாடம் செய்தற்குரியவை. சிறுவயதில் அவற்றை நெட்டுருச் செய்த புலவர்க்கு வேறு துணை வேண்டுவதின்று. முப்பது கடந்து கற்பவனுக்கோ, வேண்டிய சொல்லை வேண்டிய பொழுதே தேடிக் காணும் வழி தேவை. 1594-ஆம் ஆண்டிலேயே சிதம்பர ரேவண சித்தர் முதலெழுத்தளவில் சொற்களை வரிசைப்படுத்தி அகராதி நிகண்டு இயற்றியிருந்தார், அதுவும் செய்யுளே. வீரமாமுனிவர் 1732-இற் சதுரகராதியை இயற்றி, அகர வரிசை முறையை முற்றக் கொண்டு, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாகச் சொற்களை அமைத்தார். இன்று நாம் கையாளும் அகராதிகள் அந்நெறியிலேயே நடக்கின்றன.

எழுத்துத் திருத்தமும் அத்தகையதே. பழைய ஏட்டுச் சுவடிகளில் எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒரே வடிவின. குறிலின்மேற் புள்ளியிடுதலே வேறுபாடு. ஏட்டில் ஓலை பொத்துவிடும் என்றஞ்சிப் புள்ளியை விடுத்து எழுதுவது வழக்கம். தமிழ் பேசி வளர்ந்தோர் இடம் நோக்கி உணர்ந்துகொள்வர். புதிதாய்க் கற்பவன் தடுமாறுவான். நெடிலுக்குத் தனிவடிவு வகுத்து அத்தடுமாற்றத்தைப் போக்கினார் முனிவர். இந்நாள் முதல் வகுப்புக் குழந்தையும் ஏகாரத்தையும் ஓகாரத்தையும் ஐயமின்றிப் படிப்பது அவர் தந்த வசதியே.

பேச்சுத்தமிழை இழிந்ததென்று புலவர்கள் ஒதுக்கிய காலத்தில், அதற்கும் முறையுண்டு என்று கண்டு, கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். தமக்குப் பின் வரும் மேனாட்டார் தம்மைப் போல் இடர்ப்படாமைப் பொருட்டு எழுதிய அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தரங்கம்பாடியார் சமயக் கொள்கையில் அவருக்கு மாறுபட்டோர். எனினும் அந்நூலின் பயனை அவர்களும் மறுத்திலர்.

இவற்றால் வேறோர் உண்மையும் புலனாகின்றது. ராவென்னாவில் இலக்கணம் கற்பித்த கல்வி வீண் போகவில்லை. ஒரு மொழியைப் பகுத்து, முறைப்படுத்தி, மாணவனுக்கு விளங்கவைக்கும் அப்பழைய திறமையே, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கத்தை இயற்றத் துணைநின்றது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கித் தந்ததும் அத்திறமையே. துறை மாறுவோன் தன் பழங்கல்வியைக் கரையில் விட்டுச் செல்வதில்லை. அதனைப் புதிய நிலத்தில் விதைக்கின்றான்.

ஆயினும் விதைத்தவுடன் அவர் அறுவடை காணவில்லை. புனித சூசையப்பரை வளன் எனப் பாட்டுடைத் தலைவராக்கி, யூதேயா நாட்டைத் தமிழ்நாட்டு வளங்களோடு புனைந்து, மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாடலும் கொண்டு அவர் பாடிய தேம்பாவணி 1726-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. மதுரை நாட்டிற் கால்வைத்தபின் அதற்குச் சென்றவை பதினைந்து ஆண்டுகள். சதுரகராதி முடிந்தபோது அவர் அகவை ஐம்பதைக் கடந்திருந்தது. ஐம்பதில் வளையுமோ என்னும் வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ!

அவரைப் பற்றிய வியத்தகு கதைகள் பல மக்களிடை வழங்குகின்றன. 1822-இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றிற் கண்ட சில செய்திகளையும் பிற்கால ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. அக்கதைகளின்றியே அவர் வாழ்க்கை பெருமையுடையது. ஒரு நாளிற் கலைவாணி நாவில் எழுந்தருளிப் பெற்ற புலமை அன்று அது. நாடோறும் ஏட்டைப் புரட்டிப் பெற்றது.

36 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த முனிவர், 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், கேரள நாட்டு அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். தாம் பிறந்த இத்தாலியை அவர் மீண்டும் கண்டாரல்லர். ஆவூரிலுள்ள பெரிய ஆலயம் எழுந்ததும் அதே 1747-ஆம் ஆண்டிலேயாம். சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு தமிழ்ச் சான்றோர்க்குச் சிலை எடுத்தபோது, அவர்க்கும் அவ்வரிசையில் இடமளித்தது தமிழகம்.

மாணவ நண்பர்காள்! கல்லூரி விடுத்துச் செல்லும் நீவிர் அனைவரும் முதலிற் புகும் தொழிலிலேயே இறுதிவரை நிலைத்தல் வேண்டும் என்பதில்லை. மாற்றம் ஒவ்வொன்றும் நன்மை பயக்கும் என்பதும் இல்லை. சலிப்பினால் ஓடுபவன் எங்கும் நிலைகொள்ளான். நம் முனிவர் ஆராய்ந்து வேண்டினார். பெரியோர் இசைவு பெற்றார். சென்றவிடத்துப் பதினைந்தாண்டு மாணவராய் அமர்ந்தார். மாறத் துணிவோர் தம்மைத் தாமே வினவவேண்டுவது ஒன்றே: மீண்டும் கடைப்பலகையில் அமர்ந்து, முதலெழுத்திலிருந்து கற்க மனம் இசையுமோ? இசையுமாயின், வயதைக் கருதி அஞ்சவேண்டுவதில்லை. அங்ஙனம் கடைப்பலகையில் அமர்ந்த பழைய மாணவர்கள் நம்மிடையே இலரோ? அவர்க்கு இவ்வரலாறு ஊக்கம் தருவதாக.