துணி நெய்தவர் வீட்டில் ஏன் அடுப்பு எரியவில்லை? ‘பஞ்சும் பசியும்’ ரகுநாதனின் கதை

கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்குப் போனவர்களுக்குத் தெரியும், கடையில் புடவைக்கு ஒரு கணக்கு, தறிவீட்டில் இன்னொரு கணக்கு. பல வீடுகளில் பாவும் சரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. அவ்வளவுதான், புடவை நெய்தவருடையது இல்லை. இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் பசியை 1953-லேயே நாவலாக எழுதியவர் தொ.மு.சி. ரகுநாதன். அவர் எழுதியது பட்டு அல்ல, பருத்தித் தறி. ஊரும் ஆரணி அல்ல, அம்பாசமுத்திரம்.

1923-ல் திருநெல்வேலியில் பிறந்தார். அண்ணன் பாஸ்கரத் தொண்டைமான் ஐ.ஏ.எஸ். அதிகாரி, கோயில்களைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். தம்பி போன ரூட்டே வேறு. 1942 போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். பிறகு பத்திரிகை வேலை: தினமணி, முல்லை, சக்தி. புதுமைப்பித்தனின் நெருங்கிய நண்பர். 1948-ல் காசநோயால் புதுமைப்பித்தன் இறந்தபோது ரகுநாதனுக்கு வயது 24. மூன்றே வருடத்தில் நண்பரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில்தான் கைத்தறி நெசவாளர்கள் நொறுங்கிப்போனார்கள். நூல் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும். நெய்த துணியோ மில் துணியோடு போட்டி போட முடியாமல் தேங்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கச் சொல்லி முதல்வர் ராஜாஜி மத்திய அரசிடம் கேட்டார். 1953 ஜனவரியில் அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அதே வருடம் மில் துணிக்குத் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்குச் செலவிடச் சட்டமும் வந்தது.

அதே 1953-ல் வந்த நாவல்தான் ‘பஞ்சும் பசியும்’. சரியாக 80 வருடம் முன்னால், 1873-ல், பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலா பாரிஸின் பெரிய உணவுச் சந்தையை வைத்து ஒரு நாவல் எழுதினார். மீனும் இறைச்சியும் வெண்ணெயும் மலையாகக் குவிந்த இடத்துக்கு, பசியால் மயங்கிய ஒருவன் வந்து சேர்கிறான். அங்கே நிரம்பி வழிவது சாப்பாடு, இங்கே துணி. ரகுநாதன் இரக்கப்படுவதோடு நிற்கவில்லை. நெசவாளர்கள் சங்கமாகச் சேர்வதுவரை கதையைக் கொண்டுபோனார். பிரச்சார நாவல் என்று விமர்சித்தவர்கள் உண்டு. சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் நூல் விலை ஒரு குடும்பத்தை எப்படி உடைக்கும் என்று அவ்வளவு நெருக்கமாகச் சொன்ன நாவல் அதற்கு முன் தமிழில் அபூர்வம். பிறகு செக் மொழிக்கும் போனது.

1954-ல் சொந்தமாக ‘சாந்தி’ பத்திரிகை தொடங்கினார். சுந்தர ராமசாமியின் ஆரம்பகாலக் கதைகள் அதில்தான் வந்தன. இரண்டே வருடத்தில் நின்றுபோனது. அதன்பின் சோவியத் வெளியீடுகளில் நீண்டகால வேலை. கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. 1983-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. நெசவாளர் நாவலுக்கு அல்ல, பாரதி பற்றிய ஆய்வு நூலுக்கு.

76 வயதிலும் சண்டையை விடவில்லை. புதுமைப்பித்தன் கதைகள் மீது வந்த குற்றச்சாட்டுகளுக்கு 1999-ல் தனிப் புத்தகமே போட்டுப் பதில் சொன்னார். 2001 டிசம்பர் 31 அன்று பாளையங்கோட்டையில் காலமானார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள் பாரதி பிறந்த எட்டயபுரத்துக்குப் போய், ரகுநாதன் நூலகமாகின.