எட்டடி தூரத்தில் புலி!

துப்பாக்கிக்கு எந்தத் தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்துவது என்று யோசிக்கிறவர்கள் ஜிம் கார்பெட்டின் வாழ்க்கையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1875-ம் ஆண்டு நைனிடாலில் பிறந்தவர் அவர். மோகாமே காட் என்ற இடத்தில் இருபது வருஷங்களுக்கு மேல் ரயில்வே சரக்கை ஏற்றி இறக்கும் காண்டிராக்டராக இருந்தார். 1907-ல் சம்பாவத் என்ற ஊரில், 436 பேரைப் பலிகொண்ட பெண் புலியைச் சுட்டு வீழ்த்தினார். ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட், .275 ரிக்பி ரைபிள் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்.

அந்த ரைபிளில் தூரதிருஷ்டி கிடையாது. குழாயின் மேல் இரும்புக் குறிகள்தாம். பட்டப்பகலில், ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் அசையாதிருக்கும் இலக்கு என்றால் நன்றாகப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டும். குண்டு போகப் போகத் தாழும். அதை ஈடுகட்டத் திருகும் வேண்டும். ஆனால் பெரிதாக்கப் பெரிதாக்கக் கண்ணுக்குத் தெரியும் இடம் குறுகிவிடுமே! புதரிலிருந்து பாயும் புலியை அதில் எங்கே தேடுவது?

இருட்டோ வேறு பிரச்னை. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை எட்டு வருஷங்களில் 125 பேரைக் கொன்றிருந்தது. 1926 மே மாதம், குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேல் கார்பெட் காத்திருந்தார். கீழே கழுத்து மணியுடன் ஓர் ஆடு. ரைபிளில் டார்ச் விளக்கு. மணி கலகலத்தது; பொத்தானை அமுக்கினார். குறிக்கு நேரே சிறுத்தையின் தோள்! சுட்டார். அதே கணம் விளக்கு அணைந்துவிட்டது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் இரவில் நீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு டார்ச்சின் இந்தக் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சுட்டது பட்டதா என்று தெரியாமலே மனிதர் மரத்தின் மேல் இரவைக் கழித்தார். விடிந்த பிறகுதான் பள்ளத்தில் சிறுத்தை செத்துக் கிடந்தது தெரிந்தது.

1930 ஏப்ரல் 11-ந் தேதி சௌகர் புலியைத் தேடி ஓர் ஓடையில் இறங்கினார். ஒரு கையில் அப்போதுதான் எடுத்த இரண்டு பறவை முட்டைகள். பாறையைத் தாண்டித் திரும்பினால், எட்டடியில் புலி படுத்திருக்கிறது! சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். மறு கையால் ரைபிளை அணு அணுவாகத் திருப்பிச் சுட்டார். அந்தத் தூரத்தில் தூரதிருஷ்டி இருந்திருந்தால் ரோமந்தான் தெரிந்திருக்கும். முட்டைகளைத் திரும்பக் கூட்டில் வைத்துவிட்டுத்தான் ஊர் போனார்.

பிற்காலத்தில் அவருக்குக் காமிராவில்தான் ஆசை அதிகம். 1947-ல் கென்யா சென்றார். 1955-ல் அங்கேயே காலமானார். பரிசு ரைபிளை 2015-ல் ரிக்பி கம்பெனியே வாங்கிக்கொண்டது. அதன் கட்டையில் சம்பாவத் புலியைக் குறிக்கும் தகடு இன்னும் இருக்கிறது.